பெய்ஜிங்கில் நிலைத்த ஆட்டம்: ஸ்டெஃபான் மார்பரியின் சீன ஆண்டுகள்

அமெரிக்கக் கூடைப்பந்தின் உச்சப் போட்டித்தொடரான என்.பி.ஏ.வில் 30 அணிகள் இருக்கின்றன. ஓர் அணியில் முழு ஒப்பந்தம் பெறக்கூடியவர்கள் 15 பேர் என்பதால், இந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பும் அனைவருக்குமாக அங்குள்ள இடங்கள் ஏறத்தாழ 450 மட்டுமே. அந்நாட்டின் பல்கலைக்கழக விளையாட்டின் முதல் பிரிவிலோ 350க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன; அவற்றில் ஆடி முடித்தவர்கள் ஆண்டுதோறும் வேலை தேடி வெளியே வருகிறார்கள். 'டிராஃப்ட்' எனப்படும் ஆண்டுத் தேர்வில், அதாவது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நிகழ்வில், தேர்வாகிறவர்கள் 60 பேர் அளவில்தான். அவர்களிலும் ஒரு பகுதியினர் வேற்று நாட்டவர். எஞ்சியோரில் ஆட்டத்தைக் கைவிட மனமில்லாதவர்கள் இஸ்ரேல், இத்தாலி, துருக்கி, பிலிப்பைன்ஸ், சீனா என்று உலகெங்கும் செல்கிறார்கள். அமெரிக்க விளையாட்டு இதழியல் இவர்களைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. கடல் கடந்து சென்ற ஆட்டக்காரர் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போகிறார். அந்தக் கணக்கு எவ்வளவு குறையுடையது என்பதை ஸ்டெஃபான் மார்பரியின் வாழ்க்கை மற்றெவருடையதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

இந்தப் பெயர்ச்சி புதிதன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்து, பிற்காலத்தில் அமெரிக்க செனட் உறுப்பினராகவும் விளங்கிய பில் பிராட்லி, ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த 1965–66 பருவத்தில் மிலான் நகர அணிக்காக ஆடி, ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை அவ்வணி வெல்லத் துணைநின்றார். 1965ஆம் ஆண்டின் டிராஃப்டில் தேர்வான டால் பிராடி, என்.பி.ஏ.வை விட்டுவிட்டு டெல் அவிவ் நகரின் மக்காபி அணியில் சேர்ந்து, 1977இல் அவ்வணிக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அந்தத் தொடரில் மாஸ்கோவின் ராணுவ அணியுடனான ஆட்டம், சோவியத் ஒன்றியத்துக்கும் இஸ்ரேலுக்கும் தூதரக உறவு இல்லாமையால் பெல்ஜியத்தின் விர்டன் என்னும் சிற்றூரில் நடந்தது. 1975இல் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான பாப் மெக்காடூ, தம் நடுவயதில் மிலானுக்குச் சென்று 1987, 1988 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். இவர்களை அந்நகரங்கள் இன்றும் தம்மவராகவே நினைவில் வைத்திருக்கின்றன. ஆயினும் இவர்கள் விதிவிலக்குகள். கடல் கடந்து செல்லும் சராசரி அமெரிக்க ஆட்டக்காரரின் தொழில்நிலை முற்றிலும் வேறானது.

அந்த நிலையை உருவாக்குவது 'இம்போர்ட்' விதி, அதாவது ஓர் அணி இத்தனை வெளிநாட்டாரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்னும் வரம்பு. ஒவ்வொரு நாட்டின் போட்டித்தொடரும் தன் உள்நாட்டு இளைஞர்களுக்கு இடம் தர வேண்டியிருப்பதால் இத்தகைய வரம்பை வைக்கிறது. வரம்பு இறுக இறுக, அந்த ஓரிரு இடங்களைப் பெறும் வெளிநாட்டாரின் மீது விழும் சுமையும் கூடுகிறது. அணியின் புள்ளிகளில் பெரும்பங்கை அவரே எடுக்க வேண்டும். நான்கைந்து ஆட்டங்களில் தோற்றால் முதலில் மாற்றப்படுபவரும் அவரே. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கானது. வரி போகக் கைக்கு வரும் தொகையாகவே சம்பளம் பேசப்படுவதும், வீடு, வண்டி, விமானச் சீட்டு ஆகியவற்றை அணியே தருவதும் வழக்கம். வந்து இறங்கியதும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. முதல் சில வாரங்கள் சோதனைக்காலமாகவே கழிவதும் உண்டு.

இதைவிடப் பெரிய இடர், சம்பளம் வராமலே போவது. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா, 2007இல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு நடுவர் மன்றத்தை அமைத்ததற்கு இத்தகைய வழக்குகளின் பெருக்கமே காரணம். ஒப்பந்தத்தில் இம்மன்றத்தின் பெயர் குறிக்கப்பட்டிருந்தால், பணம் கிடைக்காத ஆட்டக்காரர் அந்நாட்டு நீதிமன்றத்தின் மொழியும் நடைமுறையும் தெரியாமல் அலைய வேண்டியதில்லை. ஒரே நடுவர், எந்த ஒரு நாட்டின் சட்டத்தையும் சாராமல், நியாயம் எது என்ற அடிப்படையில் தீர்ப்பளிப்பார். தீர்ப்புக்குக் கட்டுப்படாத அணி புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்வதை ஃபீபா தடுக்க முடியும் என்பதால் இத்தீர்ப்புகளுக்கு வலு உண்டு. ஆட்டக்காரருக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாறும்போது, பழைய நாட்டின் கூட்டமைப்பு அவரை விடுவித்ததாக ஒரு விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். அது இல்லாமல் அவர் புதிய அணிக்கு ஆட முடியாது. ஆக இந்த ஏற்பாடு முழுவதும், ஓர் ஆளின் புள்ளி எடுக்கும் திறனை ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுப்பதற்காக அமைந்தது. ஓர் ஊரில் தங்கி அந்த ஊர்க்காரராக ஆவதற்கு இதில் எந்த ஊக்கமும் இல்லை.

மார்பரி இந்த ஏற்பாட்டுக்குள் வந்து சேர்ந்தது 32ஆம் வயதில். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கடலோரத்தில் அரசுக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் கோனி ஐலண்டில் 1977இல் பிறந்த அவர், ஏழு பிள்ளைகளில் ஒருவர். அண்ணன்மார் மூவர் அவருக்கு முன்பே கல்லூரிக் கூடைப்பந்தில் பெயர் பெற்றிருந்தும் எவரும் என்.பி.ஏ.வை எட்டவில்லை. அந்தப் பகுதியின் லிங்கன் உயர்நிலைப் பள்ளி அணியைப் பற்றி டார்சி ஃப்ரே 1994இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் ஷாட்' என்னும் நூலில், குடும்பத்தின் நம்பிக்கை முழுவதையும் சுமக்கும் சிறுவனாக மார்பரி இடம்பெறுகிறார். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரே பருவம் ஆடிவிட்டு, 1996ஆம் ஆண்டின் டிராஃப்டில் நான்காவதாகத் தேர்வானார். அடுத்த 13 பருவங்களில் மினசோட்டா, நியூஜெர்சி, ஃபீனிக்ஸ், நியூயார்க், பாஸ்டன் என ஐந்து அணிகள்; 846 ஆட்டங்கள்; ஆட்டத்துக்குச் சராசரி 19.3 புள்ளிகள், 7.6 அசிஸ்ட்கள். அசிஸ்ட் என்பது சக ஆட்டக்காரர் புள்ளி எடுப்பதற்கு நேரடியாக வழிசெய்யும் பந்தளிப்பு. அணியின் ஆட்டத்தை நடத்திச் செல்லும் 'பாயின்ட் கார்டு' நிலையில் ஆடுபவரின் திறமையை அதைக் கொண்டே அளப்பார்கள். இருமுறை அனைத்து நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வான அவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியிலும் இருந்தார்.

எனினும் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு குற்றச்சாட்டு விடாமல் தொடர்ந்தது: தாம் புள்ளி எடுக்கிறார், அணி வெல்வதில்லை. பிறந்த ஊரான நியூயார்க்கின் நிக்ஸ் அணியில் அவர் கழித்த ஆண்டுகளில் இது வெறுப்பாகவே முற்றியது. 2007 டிசம்பரில் அவர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின்போது தந்தை இறந்தார்; 2008–09 பருவத்தில் புதிய பயிற்சியாளர் அவரை ஆடவே விடவில்லை; 2009 பிப்ரவரியில் அணி அவரை விடுவித்தது. தற்கொலை எண்ணம் வரை தம்மைக் கொண்டுபோன மனச்சோர்வைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2006இல் ஏழைச் சிறுவர்களும் வாங்கும்படி 14.98 டாலர் விலையில் அவர் கொண்டுவந்த 'ஸ்டார்பரி' காலணியும், அதை விற்ற கடைத்தொடர் 2008இல் நொடித்ததால் முடங்கியது. இந்தக் காலணி முயற்சி பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவுகிறது. 2010 ஜனவரியில் அவர் சீனாவுக்குச் சென்றதில் காலணிச் சந்தையை நாடிய வணிக நோக்கமும் கலந்திருந்தது. அதைக் குறையாகச் சொல்வதற்கு எதுவும் இல்லை. புகழ் தேய்ந்த ஆட்டக்காரர் பணத்துக்காகவே கடல் கடக்கிறார் என்பது உண்மைதான். அங்கே போன பின் என்ன செய்தார் என்பதே வரலாற்றுக்குரிய கேள்வி.

அவர் சேர்ந்த முதல் அணி, நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்பெற்ற ஷான்சி மாகாணத்தின் தலைநகரான தாய்யுவானில் இருந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் அதே அணிக்கு மற்றொரு என்.பி.ஏ. ஆட்டக்காரரான பான்சி வெல்ஸ் வந்திருந்தார். ஆட்டத்துக்கு 30க்கும் மேல் புள்ளிகள் குவித்த அவர், சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குச் சென்று உரிய நாளில் திரும்பாமையால் அணியிலிருந்து நீக்கப்பட்டார். சீன ரசிகர்கள் அமெரிக்க இம்போர்ட் என்றால் எதிர்பார்க்கப் பழகியிருந்தது இதைத்தான். மார்பரி அந்தப் பருவத்தில் எஞ்சியிருந்த ஆட்டங்களை ஆடி முடித்தார், சீனத் தொடரின் நட்சத்திர ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். ஆனால் ஒப்பந்தம் நீளவில்லை. அடுத்த பருவத்தில் தெற்கே ஃபோஷான் நகர அணிக்கு ஆடினார். அவ்வணியும் அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளில் இரண்டு அணிகள் கைவிட்ட நிலையில், 34 வயதில், அவரைப் பெய்ஜிங் அணி எடுத்துக்கொண்டது.

சி.பி.ஏ. எனப்படும் சீனக் கூடைப்பந்துத் தொடர் 1995இல் தொடங்கியது முதல் தலைநகரின் அணி ஒருமுறைகூடப் பட்டம் வென்றதில்லை. ஷோகாங் என்னும் அரசு எஃகு நிறுவனத்தின் ஆதரவில் இயங்கிய அவ்வணி, நகரின் மேற்கே எஃகாலைப் பகுதியை ஒட்டிய சிறிய அரங்கில் ஆடிவந்தது. மார்பரி சேர்ந்த 2011ஆம் ஆண்டு, சூழ்நிலையும் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான வருமானப் பங்கீட்டுப் பூசலால் என்.பி.ஏ. கதவடைப்புச் செய்தது; வேலையிழந்த ஆட்டக்காரர்கள் பலர் வெளிநாட்டு அணிகளை நாடினர். கதவடைப்பு நீங்கியதும் நடுவழியில் விட்டுப்போக முடியாதபடி, பருவம் முடியும்வரை விலக வழியில்லாத ஒப்பந்தங்களையே சீனத் தொடர் அனுமதித்தது. ஜே.ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர், கென்யன் மார்ட்டின், ஆரன் புரூக்ஸ் போன்ற அந்நாளைய என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் இந்த நிபந்தனையை ஏற்று வந்தனர். இவர்கள் மார்பரியைவிட இளையவர்கள், சந்தை மதிப்பில் உயர்ந்தவர்கள். ஆயினும் பருவத்தின் தொடக்கத்தில் 13 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றது பெய்ஜிங் அணியே.

அந்த வெற்றிக்கான காரணம் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. அன்றைய சீனத் தொடரில் ஓர் அணி இரண்டு வெளிநாட்டாரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. நான்கு கால்பகுதிகளைக் கொண்ட ஓர் ஆட்டத்தில் அவ்விருவரும் சேர்ந்து ஆறு கால்பகுதிகளுக்கு மேல் களமிறங்கக்கூடாது என்றும் இருந்தது. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் கணிசமான நேரம் களத்தில் ஒரே வெளிநாட்டவரும் நான்கு சீனர்களும் இருந்தார்கள். இம்போர்ட் ஒருவரே 40 புள்ளி எடுக்கும் அணிகளில், அந்த நால்வர் பந்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிடுகிறார்கள். பயிற்சியாளர் மின் லூலெய்யின் பெய்ஜிங் அணி வேறு வழியில் ஆடியது. நிக்ஸ் அணியிலும் மார்பரியுடன் ஆடியிருந்த வளையத்தருகே ஆடும், ஏறத்தாழ ஏழடி உயர 'சென்டர்' ராண்டால்ஃப் மோரிஸ், வளையத்திலிருந்து விலகி மேலே வந்து, மார்பரியைக் காத்து நிற்கும் எதிரணியினரின் வழியைத் தம் உடலால் மறித்து நிற்பார். மார்பரி அவரது தோளை உரசினாற்போலக் கடந்து உள்ளே நுழைவார். அதே கணத்தில் மோரிஸ் திரும்பி வளையத்தை நோக்கி ஓடுவார். இருவரில் யாரைத் தடுப்பது என்று எதிரணியின் காவலர்கள் தயங்கும் அரை நொடியில் மூன்றாம் காவலர் உதவிக்கு நகர்ந்தால், அவர் விட்டுவந்த மூலையில் தனியாக நிற்கும் சீன ஆட்டக்காரரின் கைக்குப் பந்து போய்ச் சேரும். 'பிக் அண்ட் ரோல்' எனப்படும் இந்த உத்தி உலகெங்கும் உள்ளதே. ஆனால் மூலையில் நிற்பவர் பந்து வரும் என்று நம்பி, எறியத் தயாராக நிற்க வேண்டும். அந்த நம்பிக்கையை ஊட்டியதுதான் மார்பரியின் உண்மையான சாதனை என்று கொள்ள இடமுண்டு. நியூயார்க்கில் எதற்காக அவர் தூற்றப்பட்டாரோ, அதற்கு நேர்மாறான குணத்தைப் பெய்ஜிங்கில் அவர் ஆட்டம் வெளிப்படுத்தியது.

2012 மார்ச்சில் பெய்ஜிங் அணி எதிர்கொண்ட இறுதிப்போட்டி எதிராளி, முந்தைய எட்டுப் பட்டங்களில் ஏழைக் கைப்பற்றியிருந்த குவாங்டோங் அணி. இறுதிப்போட்டி ஏழு ஆட்டங்களைக் கொண்ட தொடர். நான்கை முதலில் வெல்பவருக்குப் பட்டம். ரசிகர் கூட்டம் பெருகியதால் பெய்ஜிங்கின் ஆட்டங்கள் 2008 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட, 18,000 பேர் அமரக்கூடிய வூக்கசோங் அரங்கில் நடந்தன. ஐந்தாவது ஆட்டத்தில் 124–121 என்ற கணக்கில் வென்று, தொடரை 4–1 எனப் பெய்ஜிங் முடித்தது. அந்த ஆட்டத்தில் மார்பரி எடுத்த புள்ளிகள் 41.

இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்விருது வெளிநாட்டாருக்கு உரியதன்று என்பது அன்றைய நிலை. அதைப் பெற்றவர் பெய்ஜிங் அணியின் மற்றொரு கார்டான, தைவானைச் சேர்ந்த லீ ஷுவே-லின். லீ நல்ல ஆட்டக்காரர், பட்டத்தில் அவருக்கும் பங்குண்டு. ஆயினும் ஒரு நகரின் முதல் பட்டத்தை யார் பெற்றுத் தந்தார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அதைப் பதிவு செய்ய அதிகாரபூர்வமான இடம் இல்லாமல் போனது, இம்போர்ட் ஏற்பாட்டின் இயல்பை அப்பட்டமாகக் காட்டுகிறது. ஏடு இடம் தராததை நகரம் தந்தது. அதே ஆண்டில் அரங்குக்கு வெளியே மார்பரிக்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது; அவர் படம் பொறித்த அஞ்சல்தலை வந்தது. பின்னர் விருதின் கதவும் திறந்தது: சிஞ்சியாங் அணியை வீழ்த்திப் பெய்ஜிங் வென்ற 2014 இறுதிப்போட்டியில் மோரிஸுக்கும், லியாவோநிங் அணியை வீழ்த்தி வென்ற 2015 இறுதிப்போட்டியில் மார்பரிக்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. மார்பரிக்கு அப்போது வயது 38.

நான்கு பருவங்களில் மூன்று பட்டங்கள் என்பது மட்டுமே இந்த அன்பை விளக்காது. பெய்ஜிங்கில் அவர் சுரங்க ரயிலில் பயணம் செய்தார். ஆங்கில நாளிதழான சைனா டெய்லியில் பத்தி எழுதினார். தம் வாழ்க்கையைப் பற்றிய இசை நாடகத்தில் 2014இல் தாமே நடித்தார். ரசிகர்கள் அவருக்குச் சூட்டிய பெயர் 'மா அரசியல் ஆணையர்' என்பது. படைப்பிரிவில் வீரர்களின் மன உறுதியைப் பேணும் பொறுப்புடைய பதவியின் பெயரை, சக ஆட்டக்காரர்களிடம் ஓயாமல் பேசித் தட்டிக்கொடுக்கும் அமெரிக்கருக்கு அவர்கள் அளித்தார்கள். 2014இல் பெய்ஜிங் மாநகரம் அவரைச் சிறப்புக் குடிமகனாக்கியது. வெளிநாட்டாருக்கு அரிதாகவே வழங்கப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் பிறகு கிடைத்தது. இத்தகைய அரசுச் சிறப்புகளில் நகரின் பெயரை உலகில் பரப்பும் நோக்கமும் கலந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரசு கௌரவிக்கும் முன்பே அரங்கம் அவரை ஏற்றுக்கொண்டிருந்தது என்பதைச் சிலையின் ஆண்டும் குடிமகன் பட்டத்தின் ஆண்டும் காட்டுகின்றன.

நீண்ட காலம் தங்குவது எல்லோருக்கும் இத்தகைய பலனைத் தருவதாகவும் சொல்ல முடியாது. அமெரிக்கப் பெண் ஆட்டக்காரர்களின் நிலை இதற்குச் சான்று. சொந்த நாட்டுத் தொடரில் உச்சச் சம்பளமே ஏறத்தாழ 1,07,000 டாலராக இருந்த காலத்தில், ரஷ்யாவின் எகாடெரின்பர்க் அணி டயானா டௌராசிக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் தந்தது. உடலுக்கு ஓய்வு வேண்டுமென்று அவர் 2015ஆம் ஆண்டின் அமெரிக்கப் பருவத்தையே தவிர்த்தார். அதே அணிக்குப் பல பருவங்கள் ஆடி, கோப்பைகளும் வென்று தந்த பிரிட்னி கிரைனர், 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளுடன் பிடிபட்டு, ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தின் வழியாகவே நாடு திரும்பினார். இரு அரசுகளின் உறவு கெடும்போது, அணிக்காக ஆடிய ஆண்டுகள் ஆட்டக்காரருக்குக் காப்பாக அமைவதில்லை. மார்பரியின் ஆண்டுகள் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே ஒப்பீட்டளவில் இணக்கம் நிலவிய காலத்தில் அமைந்தன என்பதை அவரது வெற்றியோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

பெய்ஜிங் அணியுடனான அவரது பிரிவும் எளிதாக இல்லை. 2017இல், 40 வயதான அவர் ஆட்டத்தை நிறுத்திப் பயிற்சிக் குழுவில் சேர வேண்டுமென்று அணி விரும்பியது. இன்னும் ஒரு பருவம் ஆடவே அவர் விரும்பினார். அதே நகரின் மற்றோர் அணியான ஃபிளை டிராகன்ஸில் அந்தப் பருவத்தை ஆடி, 2018 பிப்ரவரி 11 அன்று ஜியாங்சு அணிக்கு எதிரான தம் கடைசி ஆட்டத்தில் 20 புள்ளிகள் எடுத்து, வெற்றியுடன் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே அந்த அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது.

என்.பி.ஏ.வின் ஏட்டில் மார்பரியின் கணக்கு 2009இல், ஒரு பட்டமும் இல்லாமல், பாஸ்டன் அணியின் மாற்று ஆட்டக்காரராக முடிகிறது. அவரைத் தோல்வியுற்ற திறமையாளர் என்று எழுதுவோர் அந்த ஏட்டை மட்டும் வைத்து எழுதுகிறார்கள். ஐந்து அணிகளில் கழிந்த 13 பருவங்களையும் பெய்ஜிங்கை மையமாகக் கொண்ட எட்டு ஆண்டுகளையும் ஒரே ஆட்டவாழ்வாக எடுத்துக்கொண்டு பார்த்தால், ஸ்டெஃபான் மார்பரி தம் ஆட்டத்தின் முழு அளவை எட்டியது இரண்டாவது பகுதியில்தான்.